மெட்ரோ கடனும் காவேரிப்பட்டணம் டவுன் பஸ்ஸும்

சென்னை மெட்ரோவைப் பற்றிப் பேச்செடுத்தால், கிருஷ்ணகிரி டீக்கடையில் "அங்கே கொட்டுகிற காசில் நமக்கு ஒரு ரயில் விட்டிருக்கலாம்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையம் இல்லாத ஊர் என்பதால் அந்த ஆதங்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இருந்தாலும், கொட்டுவது யார் காசு என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம், 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை மாநிலத் திட்டமாகவே நடந்தது. அதாவது, செலவில் ஏறக்குறைய 90 விழுக்காடு மாநிலத்தின் தலையில்தான் இருந்தது. வெளிநாட்டு நிதி நிறுவனங்களிடம் வாங்கிய கடனும் மாநிலத்தின் கணக்கிலேயே ஏறியது. ஒரு மாநிலம் ஆண்டுக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாம் என்ற வரம்பு இருக்கும்போது, மெட்ரோவுக்கென்று வாங்கிய ஒவ்வொரு கோடியும் மற்ற வேலைகளுக்கான இடத்தை அடைத்துக்கொண்டது. டீக்கடைக்காரர்கள் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்புதலுக்குப் பிறகு கணக்கு மாறியது: மத்திய அரசின் பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக (மற்ற கடன்களை அடைத்த பிறகு திருப்பித் தரும் கடன்) 7,425 கோடி, மத்திய அரசின் பெயரில் பெறும் கடன் 33,593 கோடி, மாநிலத்தின் பங்கு 22,228 கோடி. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம். நிறுவனத்தால் முடியாவிட்டால் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். ஆக, தில்லி கொடுத்ததில் பெரும்பகுதி கடன்தான். (இதைச் சொன்னால் டீக்கடையில் பாதிப் பேர் நம்புவதில்லை.)

மெட்ரோவுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பயணச்சீட்டு வருவாயை மட்டும் நம்பி எந்த நகரத்திலும் மெட்ரோ கட்டிவிட முடியாது. எங்கள் டவுன் பஸ்ஸும் அந்த வருவாயை மட்டும் வைத்து ஓடவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அந்த இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. இதை மானியம் என்று முகம் சுளிப்பவர்கள், அங்கே தூண் எழுப்புவதை மட்டும் முதலீடு என்கிறார்கள்.

போன வாரம் காவேரிப்பட்டணம் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ஆயா, கண்டக்டர் நீட்டிய சீட்டைப் பார்த்து, "காசே வாங்கல, இது எதுக்குப்பா?" என்று கேட்டார்.

"தொலைச்சிடாத ஆயா. இந்தக் கணக்க வெச்சித்தான் கவர்மென்டு எங்களுக்குக் காசு தருது."

ஆயா அதை நான்காக மடித்து, வெற்றிலைப் பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்துக்கொண்டார்.