அம்மாவோட சுருக்குப்பையும் செக்யூரிட்டி லைனும்

தங்கச்சிக்கு சிங்கப்பூர்ல பிரசவம், அம்மாவ கொண்டு போய் விட்டுட்டு வரணும். நான் ஏற்கனவே ரெண்டு தடவ போயிட்டு வந்தவன், அதனால எல்லாம் தெரியும்ங்கற தெனாவெட்டு கொஞ்சம் இருந்துச்சு. ஆனா முதுகுப்பை ஒண்ணு மாட்டிக்கிட்டு தனியா போறது வேற, கும்பகோணத்துப் பக்கத்துலேர்ந்து பொண்ணுக்கு பிரசவம் பாக்க கெளம்புற அம்மாவ கூட்டிட்டுப் போறது வேற. இது போன வருசம் புரட்டாசில நடந்தது, இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது.

முதல் தப்பு, பெட்டிய கட்டுனது நான் இல்ல. அத்தை ஒண்ணு வச்சாங்க, சித்தி ஒண்ணு வச்சாங்க, பெரியப்பா பேராவூரணிலேர்ந்து பஸ் ஏறி வந்து ஒரு மஞ்சப்பைய குடுத்துட்டுப் போனார், அம்மா அது எல்லாத்தையும் வாங்கி வாங்கி உள்ள திணிச்சாங்க. பெட்டிக்கு 25 கிலோ, கைப்பைக்கு 7 கிலோன்னு டிக்கெட்ல போட்டிருந்துச்சு, தெருக்கோடி ரைஸ்மில்லுல நெல்லு மூட்டை நிறுக்கற தராசுல ஏத்திப் பாத்தோம், 24 சொச்சம். எடை சரியா இருந்தா எல்லாம் சரின்னு நெனச்சது ரெண்டாவது தப்பு.

ராத்திரி பதினோரு மணி ஃப்ளைட், ஏழு மணிக்கே திருச்சி ஏர்போர்ட்ல இருந்தோம். நாங்க போறது ரெண்டு பேரு, வழியனுப்ப வந்தது வேன் நெறைய. தஞ்சாவூர் தாண்டி துவாக்குடில திரும்பி மாத்தூர் வழியா போனா திருச்சி டவுனுக்குள்ள போக வேண்டியதில்ல, அது ஒரு நிம்மதி. புது டெர்மினல் 2024 ஜூன்லதான் ஓட ஆரம்பிச்சுது, அம்மா முன்னாடி பாத்ததில்ல, செவுத்துல இருந்த கோயில் ஓவியத்தப் பாத்ததும் செருப்பக் கழட்டவான்னு என்னக் கேட்டாங்க. சிரிச்சேன். ஆனா அதுக்கப்பறம் ரெண்டு மணி நேரம் சிரிப்பே வரல.

கவுண்டர்ல பெட்டியப் போட்டு அஞ்சு நிமிசம்கூட ஆகல, எக்ஸ்ரேல ஏதோ தெரியுது, பெட்டியத் திறங்கன்னு கூப்பிட்டாங்க. பாத்தா நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. அடி, தண்டு, தட்டு, அன்னம்னு மரையக் கழட்டி ஒவ்வொண்ணா அப்பாவோட பழைய வேட்டில சுத்தி வச்சிருக்காங்க, பித்தளை கனமா இருக்கறதால படத்துல கன்னங்கரேல்னு விழுந்திருக்கு. விளக்குல பிரச்சனை இல்ல, போகலாம்னுட்டாங்க. ஆனா அதத் தேடப் போனப்பதான் அடியில இருந்த மஞ்சப்பை மாட்டுச்சு. பெரியப்பா குடுத்த கொப்பரை.

"அண்ணா, கொப்பரை போகாதுண்ணா, எண்ணெய் ஜாஸ்தி, சூடாகி தீப்பிடிச்சுக்கும், பெட்டில வைக்கவே கூடாது"ன்னு அந்தக் கவுண்டர் பொண்ணு பொறுமையாத்தான் சொல்லுச்சு. பின்னாடி நின்ன ஒருத்தர், ஐயப்பமாருக்கு மட்டும் ஃப்ளைட்ல தேங்கா விட்டாங்களேன்னு ஆரம்பிச்சார். அவர் சொன்னதும் உண்மைதான், 2025 ஜனவரி 20 வரைக்கும்னு அந்த சீசனுக்கு இருமுடித் தேங்காய கையில கொண்டு போக விட்டாங்க. ஆனா அது முழுத்தேங்கா, இது காஞ்ச கொப்பரை, இவருக்கு யார் புரிய வைக்கறது. எனக்கு மனசுக்கு கஷ்டமாப் போனது வேற ஒண்ணுக்காக. 2018 நவம்பர்ல கஜா புயல்ல பெரியப்பா தோப்பே சாஞ்சு போச்சு, அதுக்கப்பறம் வச்ச கன்னு இப்பதான் காய்ப்புக்கு வந்திருக்கு, அந்த முதக் காய்ல போட்ட கொப்பரை இது. நல்லவேளை வேன் இன்னும் கெளம்பல. வாசல் கேட்டுல நின்ன காவலர்கிட்ட சொல்லி, மாமாவ கண்ணாடிக் கதவு வரைக்கும் வரச்சொல்லி கையில குடுத்துட்டேன். கவுண்டர்ல மாட்டுனா பொருள் வீட்டுக்குத் திரும்பிப் போகும். இமிக்ரேஷன் தாண்டி மாட்டுனா திரும்பாது. இத அப்ப நான் யோசிச்சிருந்தா கைப்பையயும் அங்கயே ஒருதடவ கொட்டிப் பாத்திருப்பேன்.

இமிக்ரேஷன் சட்டுனு முடிஞ்சுது. எதுக்குப் போறீங்கன்னாங்க, பொண்ணு நெறமாசம்னாங்க அம்மா, சீல் குத்தியாச்சு.

அப்பறம்தான் செக்யூரிட்டி லைன். அடுத்தடுத்து மூணு ஃப்ளைட் போல, கயிறு கட்டி மடிச்சு மடிச்சு விட்டிருந்த லைன் பின்னாடி வரைக்கும் நிக்குது. எனக்கு முன்னால ஒரு மன்னார்குடிப் பையன், முதல்தடவையா துபாய் போறான், கையில ஃபைல இறுக்கிப் பிடிச்சிருக்கான். பேச்சுக் குடுத்தப்ப, அம்மா குருமாப்பொடி அரைச்சுக் குடுத்திருக்குன்னான். கசகசா இருக்கான்னு கேட்டேன். தெரியலங்கறான். அங்க கசகசா போதைப்பொருள் கணக்குடா தம்பி, ஜெயிலு வரைக்கும் போகும்னதும் ஆளு வெளிறிட்டான், அங்கேயே வீட்டுக்கு போனப் போட்டு, போடலடா போடலடான்னு அவங்கம்மா சத்தியம் பண்ண பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்துச்சு, எனக்கும்தான்.

லைன் ஒரு இடத்துல அப்படியே நின்னு போச்சு. என்னன்னு எட்டிப் பாத்தா நம்ம ஊர் பெரியவர் ஒருத்தர், வேட்டிக்கு மேல பர்ஸ் வச்ச பச்சை பெல்ட்டு, பெல்ட்டக் கழட்டி ட்ரேல போடச் சொல்லிட்டாங்க. போட்டுட்டார். உள்ள போய் நின்னா ரெண்டு கையையும் தூக்குங்கறாங்க. தூக்குனா வேட்டி நிக்காது. ஒரு கையத் தூக்கறார், அந்தக் கைய எறக்கி இன்னொண்ணத் தூக்கறார், சோதனை போடற வீரருக்கு தமிழ் தெரியல, இவருக்கு இந்தி தெரியல, கடைசில பின்னாடி நின்ன ஒரு ஆள் ஓடிப்போய் வேட்டிய பிடிச்சுக்கிட்டார். லைன் நீளம்னு எல்லாரும் அலுத்துக்கறோம், அந்த நீளத்துல பாதி நாமதான்.

பொம்பளைங்களுக்குத் தனி லைன், அது சின்னது, அம்மா எனக்கு முன்னாடியே திரைக்குள்ள போயிட்டாங்க. போனவங்க வரல. அப்பறம் விசாரிச்சா தாலிக்கொடில ஏழு ஊக்கு கோத்து வச்சிருக்காங்க, கருவி கத்திக்கிட்டே இருந்திருக்கு, உள்ள சோதனை போடற பொண்ணு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்து சிரிச்சுட்டு விட்டுருச்சு. அதுக்குள்ள இங்க பெல்ட்ல வந்த அம்மா கைப்பைய ஓரமாத் தள்ளிட்டாங்க. யாரோட பை? என்னுதுன்னேன்.

முதல்ல வந்தது ஒரு எவர்சில்வர் சம்படம், உள்ள பிரசவ லேகியம், அரைக்கிலோ இருக்கும். பெட்டில வச்சா கொட்டிரும்னு கையில வச்சிருக்காங்க. தண்ணியா, பசையா எது இருந்தாலும் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல இருக்கக் கூடாது, அதுவும் டப்பாவோட அளவுதான் கணக்கு, பெரிய பாட்டில்ல அடில கொஞ்சம் கெடந்தாலும் ஆகாது. நான் சாமர்த்தியமா, மெடிசின் சார்னேன். திரைய விட்டு வெளிய வந்த அம்மா, "மருந்தெல்லாம் இல்ல தம்பி, புள்ளபெத்தவளுக்குக் குடுக்கற லேகியம், நல்லாருக்கும், ஒரு வாய் போட்டுப் பாருங்க"ன்னு அந்த அதிகாரிகிட்டயே மூடியத் திறந்து நீட்டிட்டாங்க. அவர் சிரிச்சார், ஆனா விடல. அம்மா ஒரு உருண்டைய எடுத்து என் வாயில திணிச்சுட்டு சம்படத்த குடுத்துட்டாங்க.

அடுத்தது சுருக்குப்பை. அதுல நாலு கொட்டப்பாக்கு, சில்லறை, கூடவே பாக்குவெட்டி. பித்தளைல கிளி மூஞ்சி வச்சது, எங்க பாட்டியோடது. நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், அது ஒரு ஆயுதம்னு ஒருநாளும் தோணுனதில்ல. பெட்டி எப்பவோ உள்ள போயாச்சு, பாஸ்போர்ட்ல சீலும் குத்தியாச்சு, வெளிய குடுக்க வழி இல்ல. கெஞ்சிப் பாத்தேன், அந்த அதிகாரி கையக் கட்டிக்கிட்டு, பிடிச்ச பொருளப் போடற தொட்டியத்தான் காட்டுனார். எட்டிப் பாத்தா கத்திரிக்கோல், பேனாக்கத்தி, ஸ்க்ரூட்ரைவர், ஒரு தேங்கா துருவி. எத்தன வீட்டு அடுப்படி அதுக்குள்ள கெடந்துச்சோ. அம்மாதான் போட்டாங்க, நான் போடல. "விடுடா, வெத்தலைய விடு விடுன்னு நீதான சொல்லிக்கிட்டே இருந்தே"ன்னாங்க. ஃப்ளைட் ஏறி ரொம்ப நேரம் வரைக்கும் அவங்க என்கிட்ட பேசல, நானும் பேசல.

ஒரு மாசம் கழிச்சு அம்மா திரும்பி வந்தாங்க. மாப்ள போன்ல சொல்லி சிரிச்சார். சிராங்கூன் ரோட்டுக் கடைல ஒரு இரும்புப் பாக்குவெட்டி வாங்கிக் குடுத்திருக்கார். திரும்பி வரப்ப சாங்கி ஏர்போர்ட் கவுண்டர்ல ஒரு சீனப் பொண்ணு பாஸ்போர்ட்ட கேக்குறதுக்குள்ள அம்மா குனிஞ்சு சொன்னாங்களாம், "பாக்குவெட்டி பெரிய பெட்டில இருக்கு கண்ணு".