சோம்பல் கண்ணுக்குப் பட்டை ஒட்டும் மாதங்கள்

"நல்லாத் தெரியற கண்ணை எதுக்குங்க மூடறீங்க?" அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து குழந்தையைக் கூட்டிவரும் அமுச்சிமார், அதாவது பாட்டிமார், கேட்பது இதைத்தான். மங்கலான கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கிப் பழகிவிடுகிறது; அதுதான் சோம்பல் கண். நல்ல கண்ணை ஒட்டுப் பட்டையால் மறைத்தால்தான் மூளை மற்றதைத் தேடும். அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருக்கும் வீட்டில் பட்டை ஒட்டுவது அமுச்சிதான். ஆகவே விளக்கத்தை அவரிடமே சொல்லிவிடுகிறோம்.

முதலில் பவர் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு, கண் தசையைத் தளர்த்திச் சரியான பவரைக் காட்டும் அட்ரோபின் களிம்பை மூன்று நாள் வீட்டிலேயே போட்டு வரச் சொல்வார்கள். அரிசி அளவு போதும். போட்ட கையை உடனே கழுவ வேண்டும். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கிட்டத்துப் பார்வை பத்து நாளுக்கு மேலும் மங்கலாக இருக்கலாம் என்பதால் பரீட்சை வாரத்தில் வேண்டாம்.

அடுத்து கண்ணாடி மட்டும், நாலு மாதம்வரை. "பட்டை எப்போ?" என்று அவசரப்படுகிறார்கள். இரு கண்ணின் பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண்ணில் ஏறக்குறைய நாலில் ஒன்று கண்ணாடியிலேயே சரியாகிவிடும்.

மீதிப் பேருக்குப் பட்டை. எழுத்துப் பலகையில் பார்வை 6/12 முதல் 6/24 வரை என்றால் (கீழ் எண் கூடக் கூடப் பார்வை மோசம்) தினம் 2 மணி நேரம். அதைவிட மோசம் என்றால் 6 மணி. நாளெல்லாம் கட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 7 வயதுக்குட்பட்டவர்களை வைத்து குழந்தைகளின் கண் நோய்களை ஆராயும் அமெரிக்காவின் பீடிக் (PEDIG) குழு 2003இல் வெளியிட்ட முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

பட்டை தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் துணி செருகினால் குழந்தை மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடும். எங்கள் ஊரில் பட்டை நிற்காததற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய். தலைக்கு வைத்தது நெற்றியில் வழிந்து பசையைக் கெடுக்கும். ஒட்டும் முன் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கழற்றும்போது பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரால் ஊறவைக்கலாம். எண்ணெய் அதற்கப்புறம் தடவட்டும். தோல் சிவந்தால் மறுநாள் பட்டையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டலாம். புண்ணே ஆகிவிட்டால், நல்ல கண்ணை மங்கலாக்க அதில் அட்ரோபின் விடும் வழியும் உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும்.

பட்டை ஒட்டியிருக்கும் நேரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அடிக்காதீர்கள். டிவி பார்த்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. தெருவில் சைக்கிள் மட்டும் வேண்டாம்.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவே ஆர்த்தாப்டிஸ்ட் என்று தனிப் படிப்பு படித்தவர் உண்டு; 1967 முதல் உலகச் சங்கமும் இருக்கிறது. இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் கண்ணாடிப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் செய்கிறார், கூட்டத்துக்கு நடுவில். அதனால் நோட்டு ஒன்று போடுங்கள்: தேதி, ஒட்டிய நேரம், கழற்றிய நேரம். 'ரெண்டு மணி' என்று வாயால் சொல்வது நோட்டில் பெரும்பாலும் முக்கால் மணியாக இருக்கும். அது தெரியாமல் நேரத்தைக் கூட்டினால் யாருக்கும் லாபமில்லை.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரு கண்ணையும் சோதிக்க வேண்டும். மூடிய கண்ணின் பார்வை குறைந்தால் உடனே நிறுத்துவார்கள். பார்வை வந்ததும் தானாக விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. 6 மணியை 2 மணியாக்கி, பிறகு நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் வருடத்தில் சுமார் நாலில் ஒருவருக்குத் திரும்ப மங்குகிறது. ஆகவே கண்ணாடி தொடரும், சோதனையும் தொடரும்.