கண் மஞ்சளா என்று கேட்க மறந்தோம்

பெங்களூரில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது வேலை எளிதாகத்தான் தெரிந்தது. கணையப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தையும் இல்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, நோயாளிகளிடம் மட்டும் கூடியிருக்கும் புரதங்களைப் பிடிக்க வேண்டும். இந்த நோய்க்கான குறியாக மருத்துவர்கள் இப்போது ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9, புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை அமைப்பு. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அது பிறவியிலேயே உருவாவதில்லை. வேறு குறி தேவைதான்.

தர்மபுரி, ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்வது என் பொறுப்பு. "இதனால் எனக்கு ஏதாவது நல்லது உண்டாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "உங்களுக்கு இல்லை ஐயா, பின்னால் வருகிறவர்களுக்கு" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார். அவருக்கோ மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. கண்கள் மஞ்சளாக இருந்தன. பார்த்தேன், குறித்துக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களை நீக்கி, பிளாஸ்மா என்னும் திரவத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புக்கு அந்த விதி தெரியாது. சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகிவிட்ட குழாய்களை வயிற்றெரிச்சலோடு ஒதுக்கினேன். பிளாஸ்மாப் புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் என்ற ஒரே புரதம். அதை வடித்தெடுத்து, மிச்சத்தை டிரிப்சின் என்னும் நொதியால் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றினேன்.

23 புரதங்கள் எழும்பி நின்றன. அன்று ஆய்வகத்துக்கே மைசூர்பாகு வாங்கினேன்.

மறுநாள் வழிகாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவர்களில் எத்தனை பேருக்குக் காமாலை?" ஏறக்குறைய எல்லோருக்கும். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தநாளத்தை நெருக்கிவிடும்; பித்தம் அடைபட்டுக் காமாலை வரும். ஒப்பீட்டுக்கு நாங்கள் எடுத்ததோ ஆரோக்கியமான கல்லூரிப் பிள்ளைகளின் ரத்தம். நான் பிடித்தது புற்றுநோயையா, பித்த அடைப்பையா? சி.ஏ. 19-9 கூட வெறும் அடைப்பிலேயே ஏறக்கூடியது என்று பாடத்தில் படித்தவள்தான் நான்.

பித்தக்கல்லால் காமாலை வந்தவர்களையும் நாள்பட்ட கணைய அழற்சிக்காரர்களையும் தேடிச் சேர்க்க எட்டு மாதம் ஆயிற்று. 23 மூன்றாகச் சுருங்கியது. அந்த மூன்றையும் இன்னொரு மருத்துவமனையின் மாதிரிகளில் சோதித்தாக வேண்டும்.

இப்போது எங்கள் படிவத்தில் வயதுக்கு அடுத்த கட்டமே, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபினின் அளவுதான். பழைய கோப்புகளைத் தேடி, பெரியவரின் குழாய் எண்ணுக்கு எதிரேயும் எழுதினேன். 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 14.