மிச்சம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, என்ன கேட்கலாம் என்று கைப்பேசியைத் தடவத் தொடங்கினேன். பம்பலப்பிட்டி போனது. கொள்ளுப்பிட்டி போனது. காலிமுகத்திடலில் கடல் தெரிந்தபோதும் தடவிக்கொண்டே இருந்தேன். கோட்டையில் இறங்கும்போது ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. பதினேழு பாடல்களின் முதல் இருபது விநாடிகளை மட்டும் நக்கிப் பார்த்திருந்தேன்.

கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு இப்படியான நட்டம் பொறுக்காது. மதிய இடைவேளையில் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பெரிய இசைச் செயலிகளில் பத்துக் கோடிப் பாடல்களுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டு, உண்ணாமல் உறங்காமல் கேட்டாலும் 570 ஆண்டுகள் பிடிக்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு கோட்டேயில் அரசாண்ட காலத்தில் கேட்க உட்கார்ந்திருந்தால் இப்போதுதான் எழுந்திருப்பேன். அதற்குள் புதிதாக வந்து குவிந்தவை வாசலில் காத்து நிற்கும்.

அந்த வார இறுதியில், அலுமாரியின் மேல் தட்டில் கிடந்த பிஸ்கட் தகரத்தை இறக்கினேன். அப்பாவின் ஒலிநாடாக்கள். எல்லாமே 60 நிமிட நாடாக்கள். 90இன் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் பாடல் வரிசை. அந்தக் காலத்தில் காலி வீதியில் இருந்த ரெக்கோடிங் பாரில் பட்டியலைக் கொடுத்துவிட்டு வருவார். மூன்று நாள் கழித்துப் போய் எடுக்க வேண்டும். இரண்டு கிழமை யோசித்துத்தான் அந்தப் பட்டியலை எழுதுவார். அம்மாவிடம் கேட்பார், அடிப்பார், மறுபடி எழுதுவார். கல்யாண அழைப்பிதழ் கொடுக்கப் பெயர் எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

அங்கேதான் எனக்கு எண்ணம் பிறந்தது. மாதம் ஒரு நாடா. கைப்பேசியில்தான், ஆனால் ஏ பக்கம் முப்பது நிமிடம், பி பக்கம் முப்பது நிமிடம். காலையில் ஏ, மாலையில் பி. பஸ்ஸில் ஏறியபின் தேடக்கூடாது, தாண்டக்கூடாது. மாதம் முடியும்வரை அந்த அறுபது நிமிடந்தான்.

முதல் நாடா படுதோல்வி. தெரிந்த பாடல்களாகவே அடுக்கிவிட்டேன். நான்காம் நாள் காதுக்குள் பழைய சோறு. பார்த்தால் பதின்மூன்றில் பதினொன்று இளையராஜா. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர் அவர். அதற்குள்ளும் நான் பள்ளிக்கூடக் காலத்தில் மனப்பாடமான அதே பதினொன்றைத்தான் பொறுக்கியிருக்கிறேன். கடல் முழுக்கத் தண்ணீர் இருக்க, என் கை போனது வீட்டுச் செம்பிடம். இந்த மாதத்தில் எழுதிவைக்க வேறொன்றும் இல்லை.

இரண்டாம் நாடாவுக்கு ஒரு கட்டளை சேர்த்தேன்: எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய மூன்று பெயரும் தெரியாத பாட்டுக்கு இடமில்லை. இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் சொல்லாத பாட்டு, முகவரி இல்லாத கடிதம். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அந்த வானொலியைத் தவம் கிடந்து கேட்டார்கள் என்றால், பாட்டுக்காக மட்டுமா? யாரோ ஒருவர் அதை எடுத்து, பெயர் சொல்லி, கையில் கொடுத்தார்.

செயலியில் இந்த வேலை எளிதாக இல்லை. படத்தின் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெரும்பாலும் காணாமல் போயிருப்பார். தேடி எழுத ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் வீண்போகவில்லை என்பதை மூன்றாவது பாட்டில்தான் உணர்ந்தேன்.

அந்தப் பாட்டு ‘சிங்கார வேலனே தேவா’. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’. அப்பாவின் நாடா ஒன்றில் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. நாடா போதாமல், எஸ். ஜானகியின் குரலும் நாதஸ்வரமும் ஸ்வரத்தில் மல்லுக்கு நிற்கத் தொடங்கும் இடத்தில் ‘டக்’ என்று நின்றுவிடும். எனக்கு அந்த ‘டக்’ பாட்டின் ஒரு பகுதி. பிறகு கோயில் ஒலிபெருக்கியிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழுந்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் காது தானாகக் கதவைச் சாத்திவிடும். இந்த ஆண்டுதான், நாற்பத்தொரு வயதில், உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த ‘டக்’ வராதது முதலில் ஒரு குறையாகவே இருந்தது.

பெயர்களைத் தேடினேன். பாடல் கு.மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். பாடகரின் பின்னால் போனால் செயலி காட்டுகிற அதே தெருவில்தான் போய் நிற்போம். நான் நாதஸ்வரக்காரரின் பின்னால் போனேன். அவருடைய குரு திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவர் பெயர் பெற்றது தோடி ராகத்துக்கு. தோடி எட்டாவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்; மேளகர்த்தாக்கள் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. முடிவுள்ள பட்டியல்! (அவற்றிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்களைப் பற்றி ஒருவரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.) நாதஸ்வரத்தோடு தவில் வரும், தவிலைப் பிடித்துக்கொண்டு போனால் பாதை எங்கள் பக்கமே திரும்புகிறது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, தமிழ்நாட்டுச் சபைகள் எழுந்து நின்று கேட்ட கைகள். யாழ்ப்பாணத்து அளவெட்டி ஊர்க்காரர் என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் அந்த வழியில்தான் பிடித்தேன். ஒரு சினிமாப் பாட்டில் ஏறி, மூன்று இரவில் அளவெட்டியில் இறங்கியிருந்தேன்.

மூன்றாம் நாடாவின் ஏ பக்கம் முழுக்க ஒரே தோடி. விதியில் அதற்குத் தடை இல்லை. முதல் வாரம் பஸ்ஸில் அது பொருந்தவே இல்லை. ஓட்டுநர் தன் பென் டிரைவில் இருந்து சிங்களத் துள்ளல் பாட்டான பைலாவைப் போட்டுவிடுவார். ஆறுக்கு எட்டுத் தாளம் ஒரு பக்கம், தோடியின் காந்தார ஸ்வரம் மறுபக்கம், நடுவில் நான். பிறகு கவனித்தேன்: பஸ்ஸில் ஒருவரும் ஓட்டுநரிடம் அடுத்த பாட்டைப் போடச் சொல்வதில்லை. அவர் எதைத் தேர்ந்தாரோ அதற்கே நாற்பது பேரின் கால்விரல்களும் ஆடுகின்றன. தோடியை ரயிலுக்கு மாற்றிக்கொண்டேன். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிவரை கடலோரமாகவே போகும் தண்டவாளம். அலையோடு அது இசைந்துபோனது.

செயலியோ நான் வீட்டில் ஒரு கல்யாணம் வைத்திருப்பதாக முடிவு கட்டிவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் கெட்டிமேளம், ஊஞ்சல், மாப்பிள்ளை அழைப்பு என்று பரிந்துரைத்துத் தள்ளியது. அம்மா எட்டிப் பார்த்து, “பிள்ளை, ஏதும் சொல்லாமல் இருக்கிறாயோ?” என்று கேட்டார்.

நான்காம் நாடாவில்தான் மிச்ச இடத்தின் மகிமை புரிந்தது. கணக்காக முப்பது நிமிடத்துக்குப் பாட்டு அடுக்கவே முடியாது; எப்போதும் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அப்பாவின் நாடாக்களில் அந்த இடத்தில் பட்டியலில் இல்லாத பாட்டு ஒன்று இருக்கும். ரெக்கோடிங் பார் பையன் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பியிருப்பான். அவனை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவன் நிரப்பிய பாடல்களைத்தான் நான் இன்றும் அதிகமாக முணுமுணுக்கிறேன்.

ஆகவே ஏ பக்கத்தின் மிச்சத்தை அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சிங்கள அக்காவிடம் கொடுத்தேன். (அக்கா என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.) மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாட்டு என்றேன். ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் யோசித்தார். சிங்களப் பாடகர் சுனில் சாந்தவின் பாட்டு ஒன்றை அனுப்பினார். 1952இல் வானொலிப் பாடகர்களைத் தரம்பிரிக்க இந்தியாவிலிருந்து இசைப் பேராசிரியர் ரத்தன்ஜன்கரை வரவழைத்தபோது, அந்தத் தேர்வுக்கு முன்னால் போய் நிற்க மாட்டேன் என்று வானொலியையே விட்டவர் அவர் என்பதை அக்காதான் சொன்னார். பத்துக் கோடிக்குள் நானாகக் கைவிட்டுத் துழாவியிருந்தால் அவர் என் விரலில் தட்டுப்பட்டிருக்கவே மாட்டார். பாட்டு நீளத்திலும் கச்சிதம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் தாங்கும். அந்தக் காலத்துப் பாடல்கள் மிச்ச இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை போல இருக்கின்றன.

பி பக்கத்தில் மிஞ்சியது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதை அப்பாவிடம் கொண்டுபோனேன். இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“எவ்வளவு இடம் என்றாய்?”

“மூன்று நிமிடத்துக்குள், அப்பா.”

தாள் ஒன்று கேட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. ஒன்பதரை மணிக்குக் கொண்டுவந்து நீட்டினார். பதினான்கு பாடல்கள், அதே சாய்ந்த எழுத்து, இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல்.

“இதில் எதைப் போடுவது, அப்பா?”

“எல்லாவற்றையும்தான்.”

கடைசி வரியில் ‘சிங்கார வேலனே’ என்று எழுதி, பக்கத்தில் ‘முழுதாக’ என்று அடிக்கோடிட்டிருந்தார். அடுத்த மாதத்து நாடாவின் இரண்டு பக்கங்களையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.