பிரெட் ஹார்ட்டின் கண்ணாடி

டீக்கடையில் பக்கத்து பெஞ்சுப் பையனின் போனில் பழைய ரெஸ்லிங் வீடியோ.

பிங்க், கறுப்பு உடையில் பிரெட் ஹார்ட். சண்டைக்கு முன் தன் கண்ணாடியைக் கழற்றி, முன்வரிசையில் நின்ற பொடியனுக்கு மாட்டிவிடுகிறார். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

கனடாவின் கால்கரிக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டின் கீழ்த்தளத்திலேயே பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அவர் பிடியில் சிக்கியவர்களின் அலறல் மாடிவரை கேட்குமாம்.

1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியை அவருக்கே போட்டார் எதிராளி ஷான் மைக்கேல்ஸ். பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் ரெஸ்லிங் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹோன், ஆட்டம் முடிந்ததென்று மணியடிக்கச் சொல்லிவிட்டார்; ஷான் ஜெயித்ததாக ஆகிவிட்டது.

முடிவைப் பேசிவைத்து ஆடும் ஆட்டம்தான், சரி. ஆனால் பேசிவைத்த முடிவு அதுவல்ல. முதலாளி முகத்திலேயே துப்பினார் பிரெட்.

1999 மே மாதம் தம்பி ஓவன், கூரையிலிருந்து இறங்கும் சாகசத்தில் விழுந்து இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கோல்ட்பர்க் என்ற வீரரின் உதை தலையில் பட்டது, அப்புறம் ஓய்வு. 2002இல் பக்கவாதம்.

தன்னோடு மோதிய யாருக்கும் பெரிய காயம் ஏற்படுத்தியதில்லை என்பதுதான் பிரெட் சொல்லிக்கொள்ளும் பெருமை. 'எல்லாம் நடிப்புதானே' என்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

2010இல் அதே கம்பெனிக்குத் திரும்பி வந்து ஷானைக் கட்டிப்பிடித்தார். நானாக இருந்தால் கை கொடுத்திருப்பேனா என்பதே சந்தேகம்.