106, 112

உடல் கருகிப்போனாலும் பல் பெரும்பாலும் மிஞ்சும். ஆண்களின் கீழ்க் கோரைப்பல் சற்றே அகலம்தான். ஆனால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதை மட்டும் நம்பி ஆணா பெண்ணா என்று எழுத எனக்கு மனம் வராது.

பல்லைப் பிளந்தால் நடுவே காய்ந்த நூல் மாதிரி பற்கூழ். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எனாமலை உருவாக்கும் அமெலோஜெனின் மரபணுவைப் பார்ப்பார்கள். எக்ஸ், ஒய் குரோமோசோம் இரண்டிலும் அது உண்டு; எக்ஸில் இருப்பது 6 டிஎன்ஏ எழுத்து குட்டை. வழக்கமான சோதனையில் 106, 112 எழுத்து நீளத்தில் இரண்டு துண்டு வந்தால் ஆண். 106 மட்டும் என்றால் பெண்.

சரி, முடிந்ததா? இல்லை. இந்திய, இலங்கை ஆண்கள் சிலருக்கு ஒய்யில் அந்தப் பகுதியே கிடையாது. 106 மட்டும் வந்து 'பெண்' என்று பதிவாகிவிட்டால், மகனைத் தேடும் தாயிடம் அந்தக் கோப்பு போய்ச் சேராது. ஒய்யில் வேறோர் இடத்தில் இருக்கும், ஆண் பாலைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான்.