பிள்ளை தங்காத வீடு

எங்களுடையது சந்தோஷமான வேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். "பிள்ளை பிறக்கிற வீடுகளுக்குத்தானே போறீங்க, உங்களுக்கென்ன குறை?" என்று எங்கள் மெதடிஸ்த ஆலயத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், குடும்ப நல உத்தியோகத்தராக, அதாவது வீடு வீடாகப் போகும் அரசாங்க மருத்துவிச்சியாக, இருக்கிறேன். வீட்டு வளையில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையை அதில் இருத்தி, முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும் தாயின் முகம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த ஒரு பிள்ளையின் கோடு வளர்ச்சி வரைபில் மெல்ல ஏறிப் பச்சைப் பகுதிக்குள் வருகிற நாளில் அம்மம்மா, பெரியம்மா, பக்கத்து வளவுக்காரர் என்று எல்லாரும் அந்த அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள்.

ஆனால் பிரசவம் முடிந்து வீடு வந்த தாயை 5 நாட்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எங்கள் கடமையில், பிள்ளை உயிரோடு வராத வீடும் அடங்கும். இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல் எல்லாம் அந்தத் தாய்க்கும் உண்டு. பாலும் உண்டு. பலர் இதை யோசிப்பதே இல்லை. பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. மூன்றாம் நாளளவில் மார்பு கட்டி வலி எடுக்கும், சட்டை நனையும்.

அப்படியொரு வீட்டில் மாமியார் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய், மருமகளுக்குக் கேட்காமல், "மிஸ், இந்தப் பாலை என்ன செய்யிற?" என்று கேட்டார். படித்ததைச் சொன்னேன். குளிர்ந்த ஈரத்துணி போடுங்க, மார்பைத் தாங்கிப் பிடிக்கிற, ஆனா இறுக்காத சட்டை போடச் சொல்லுங்க, முழுக்கப் பீச்சி எடுக்க வேணாம், நோவு குறையிற அளவுக்கு மட்டும் எடுங்க, காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. எல்லாம் சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. அவரும் அழுதார், நானும் அழுதேன். பிறகு அறைக்குள் போய் மருமகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், பக்கத்தில் பாயில் இருந்தேன். சைவக் குடும்பம் அது. அரசாங்க வேலைக்குப் போன இடத்தில் பிரசங்கம் பண்ணுவது முறையல்ல, துக்கத்தில் இருப்பவர்களிடம் இன்னும் முறையல்ல. இருந்தேன், அவ்வளவுதான்.

அதே காலையில் அடுத்த ஒழுங்கையில் 31ஆம் நாள் வீடு. பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்கள், பலகாரத் தட்டோடு வாசலிலேயே மறித்தார்கள். சாப்பிட்டேன், பிள்ளையைத் தூக்கினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அங்கே நான் நடிக்கவில்லை. அந்த இடத்துக்கு வர எனக்குக் காலம் எடுத்தது. பவுல் ரோமருக்கு எழுதும்போது, சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்பட்டு அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் வேலைக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

மரண வீட்டில் "அழாதீங்க, ஆண்டவருடைய சித்தம்" என்று சொல்லுகிற வழக்கம் விசுவாசிகளிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். கண்ணீர் வந்தால் சந்தோஷம் போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது கட்டுண்டு கிடந்தவர். அந்தப் பிலிப்பி பட்டணத்திலேயே முன்பு அடிவாங்கிச் சிறையிலும் இருந்தவர்.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது லூக்கா பத்தாம் அதிகாரம். ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட எழுபது பேர், போன காரியம் பலித்த சந்தோஷத்தில் திரும்பி வருகிறார்கள். இயேசு அவர்களிடம், அதற்காகச் சந்தோஷப்படாமல் "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்கிறார். விடிந்தால் பொழுதுபட்டால் பதிவேட்டில் பெயர் எழுதுகிற எனக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மாதாந்த அறிக்கையில் எண்கள் நன்றாக வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அவற்றின்மேல் சந்தோஷத்தை வைத்தால், பிள்ளை தங்காத முதல் வீட்டோடு அது முடிந்துவிடும். மட்டக்களப்பு மெதடிஸ்தர்களாகிய நாங்கள் மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயரை இன்றும் நினைக்கிறோம். 1814இல் இங்கே வந்தவர். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்தார். பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டு 1815இல் அவரும் இறந்துபோனார். தொடங்கியது என்ன ஆயிற்று என்று பார்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

சந்தோஷத்தைக் காத்துக்கொள்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை காலத்தில் துக்க வீடுகள் என் சந்தோஷத்தைப் பறித்ததில்லை. அங்கே கர்த்தர் கிட்ட இருப்பதை உணர்ந்திருக்கிறேன். பறிக்கப் பார்த்தது முறுமுறுப்புத்தான். யாருக்கு லேசான பிரிவு கிடைத்தது, யாருக்கு இடமாற்றம் கிடைத்தது, யார் யாரைப் பற்றி மேலே சொன்னது. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் ஒரு மாதத்துச் சந்தோஷம் காணாமல் போகும். வாட்சப் குழுவில் இன்னும் கெதியாகப் போகும். குறையைப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் களத்துக்குப் போக முடியாமல் நின்றபோது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷா சத்துமா இல்லாமல் தாய்மார் வெறுங்கையோடு திரும்பியபோது பேசத்தான் வேண்டும். பேச வேண்டியவர்களிடம் பேசினோம், எழுதியும் கொடுத்தோம். கேட்டு வாங்குவது வேறு, முறுமுறுப்பது வேறு. கேட்டு முடித்தபின் நெஞ்சு லேசாகும். முறுமுறுத்தபின் இன்னும் பாரமாகும்.

அந்த ஆண்டு பசளைத் தடையால் வெள்ளாமையும் சரியில்லை. எங்கள் ஆலயத்தில் தீர்க்கதரிசி ஆபகூக்கின் ஜெபத்தை வேதத்திலிருந்து வாசித்தார்கள். "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்... நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." முன் வாங்கில் இருந்தவர்கள் விதைத்த செலவுக்கும் காணாமல் அறுத்தவர்கள். அவர்கள் "ஆமென்" சொன்னதைக் கேட்டபிறகு அந்த வசனத்தை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை.

இன்னொன்று வெறுப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவனின் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். எங்கள் கையால் தடுப்பூசி போட்டுக்கொண்டு வளர்ந்த வயது. அதற்கடுத்த நாட்களில் என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றாள். அவளை வெறுத்துக்கொண்டு நான் எந்தச் சங்கீதத்தைப் பாடியிருக்க முடியும்? அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழுததை, கர்த்தர் எனக்குத் தந்த பாதுகாப்பாகவே எண்ணுகிறேன்.

புதிதாக வரும் பிள்ளைகள் "எப்படி மிஸ் சமாளிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். பெரிய இரகசியம் இல்லை. காலையில் வலையிறவுப் பாலம் தாண்டும்போது ஒரு சங்கீதம். இரவில், அன்று பார்த்த தாய்மாரைப் பெயர் சொல்லி ஜெபம். தங்காத பிள்ளைகளின் தாய்மாரை முதலில் சொல்வேன். ஞாயிறு ஆராதனையை வேலைக் களைப்பைச் சாட்டி விடமாட்டேன். தனியாக இருந்து சந்தோஷத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரியாது.

பால் பற்றிக் கேட்ட அந்த மாமியாரின் மருமகள் பிறகு மறுபடியும் கர்ப்பமானாள். ஒரு நாள் கிளினிக்கில், பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டு நான் சிரிக்க, அவள் சிரிக்கவில்லை. "சந்தோஷப்படப் பயமாயிரிக்கி மிஸ்" என்றாள். ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை. "பயம் இரிக்கத்தான் செய்யும் மகள். இண்டைக்குத் துடிப்பு நல்லாக் கேக்குது, இண்டைக்கு அதுக்குச் சந்தோஷப்படுவம். என்ன நடந்தாலும் நான் வருவன்" என்றேன். மாமியார் இடையில் புகுந்து, இந்த முறை முதலிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, அதை அட்டையில் எழுதி, யார் வாகனம் பிடிப்பது, யார் கூட நிற்பது என்றும் மூவரும் பேசி முடித்தோம்.